ஆள் போன பிறகு வந்த சுவிட்ச்

பழைய தொலைபேசி நிலையங்களில் பேட்டரிக்கென்றே தனி அறை உண்டு. கதவைத் திறந்தாலே ஆசிட் நெடி. உள்ளே இரண்டு வோல்ட் செல்கள் 24 வரிசையாக நிற்கும். மொத்தம் 48 வோல்ட். அதில் ஒன்றை 'பைலட் செல்' என்று வைத்துக்கொண்டு, ஊழியர் ஹைட்ரோமீட்டரை விட்டு ஆசிட்டின் அடர்த்தியைப் பார்த்து ரிஜிஸ்டரில் எழுதுவார். கரண்ட் போனால் ஜெனரேட்டரைக் கிளப்புவதும் அங்குள்ள ஆள்தான். பேட்டரி ரொம்ப இறங்கிவிடாமல் காக்கத் தனிக் கருவி வேண்டியிருக்கவில்லை.

செல்போன் வந்தது: 1979-இல் டோக்கியோ, 1983-இல் சிகாகோ, 1995-இல் கல்கத்தா. டவர்கள் வயல் நடுவிலும் மொட்டை மாடியிலும் முளைத்தன. பேட்டரி கூடவே போனது, ஆள் போகவில்லை. ராத்திரி கரண்ட் போய் விடியும்வரை வராவிட்டால், ரேடியோக் கருவிகள் கடைசிச் சொட்டுவரை உறிஞ்சும். அதுவும், வோல்ட் இறங்க இறங்க அவை அதிக ஆம்பியர் இழுக்கும் ரகம்.

ஈய-அமில பேட்டரிக்கு இது ஆகாது. டிஸ்சார்ஜ் ஆகும்போது தகடுகளில் ஈய சல்பேட் படியும். உடனே சார்ஜ் செய்தால் கரைந்துவிடும், காலியாகவே கிடந்தால் இறுகிவிடும். வரிசையில் நலிந்த செல் ஒன்று இருந்தால் அதுதான் முதலில் காலியாகும். மற்றவை அதன் வழியே மின்சாரத்தைத் தள்ளித் துருவத்தையே புரட்டிப் போடும். அதனால் செல்லுக்குச் சுமார் 1.8 வோல்ட், மொத்தம் 43 வோல்ட் சுமாருக்கு வந்ததும் பேட்டரியைக் கழற்றிவிட கான்டாக்டர் என்ற மின்காந்த சுவிட்ச் ஒன்றை வைத்தார்கள். அதுதான் எல்.வி.டி. (லோ வோல்டேஜ் டிஸ்கனெக்ட்).

கேட்க எளிது, ஆனால் லோடை எடுத்ததும் பேட்டரி வோல்ட் தானாக ஏறும். கருவி 'சரியாகிவிட்டது' என்று மறுபடி சேர்க்கும், உடனே இறங்கும், மறுபடி வெட்டும். கான்டாக்டர் டக் டக்கென்று அடித்துக்கொண்டே கிடக்கும். ஆகவே, கரண்ட் திரும்பி, பேட்டரியை சார்ஜ் செய்யும் ரெக்டிஃபையர் வோல்ட்டை நன்றாக ஏற்றும்வரை சேர்ப்பதில்லை என்று அமைத்தார்கள். கான்டாக்டரைப் பிடித்து வைக்கும் கம்பிச்சுருளே பேட்டரியைத் தின்பதும் ஒரு வேடிக்கை. ஒரு துடிப்பில் நிலை மாறி அங்கேயே நிற்கும் ரகம் அதற்குத் தீர்வானது. பிறகு வெட்டுவதிலும் முறை வந்தது: ரேடியோ முதலில், டிரான்ஸ்மிஷன் கடைசியில். அந்த இணைப்பு வழியாகத்தானே அடுத்த டவர்களும் பேசுகின்றன!

தொலைபேசி நிலைய வழியில் வந்த பொறியாளர்கள் பலருக்கு எல்.வி.டி. பிடிக்காது. பேட்டரி செத்தாலும் சேவை நிற்கக்கூடாது என்பது அவர்கள் கட்சி. 2005-இல் கத்ரீனா புயல் அமெரிக்காவில் டவர்களை ஊமையாக்கிய பின், செல் தளங்களுக்கு 8 மணி நேர பேக்கப் வேண்டுமென்று அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையம் 2007-இல் விதி போட்டது. நிறுவனங்கள் எதிர்க்க, அது நடைமுறைக்கே வரவில்லை. என்னைக் கேட்டால், நாலு டவர் சூழ்ந்த நகரத்தில் எல்.வி.டி. வெட்டட்டும், வேறு சிக்னலே எட்டாத ஊரில் பேட்டரியைப் பலிகொடுக்கலாம்.

ஈய-அமிலத்துக்குப் பதிலாக வரும் லித்தியம் பேட்டரியில் அந்தப் பலிப் பேச்சுக்கே இடமில்லை. அளவுக்கு மீறி இறங்கினால் உள்ளிருக்கும் தாமிரம் கரையும். பிறகு சார்ஜ் செய்வதே ஆபத்து. அதனால் பேட்டரிக்குள்ளேயே பி.எம்.எஸ். (பேட்டரி மேனேஜ்மென்ட் சிஸ்டம்) உட்கார்ந்து ஒவ்வொரு செல்லையும் பார்க்கிறது. ஆனாலும் ரெக்டிஃபையர் ரேக்கில் எல்.வி.டி. இருக்கிறது, பி.எம்.எஸ். வெட்டும் அளவுக்குக் கொஞ்சம் மேலேயே அதை வைக்கிறார்கள். பி.எம்.எஸ். முந்திக்கொண்டால் சில பேட்டரிகள் லேசில் கண் விழிப்பதில்லை. டெக்னீஷியன் நேரில் போய்த்தான் எழுப்ப வேண்டும்.