கணக்குப்பிள்ளை இல்லாத கிட்டங்கி

2004 ஜூனில் வெளியான உலகின் 500 சூப்பர் கம்ப்யூட்டர்கள் பட்டியலில் தமிழ்நாட்டுத் தொடர்புள்ள இரண்டு இயந்திரங்கள் இருந்தன. ஒன்று, சென்னை தரமணியில் கணித அறிவியல் நிறுவனம் அமைத்த ‘கப்ரு’. மற்றொன்று, அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வுக்கூடத்தில் 4,096 செயலிகளோடு இரண்டாம் இடம் பிடித்த ‘தண்டர்’. அதைக் கட்டிக்கொடுத்த கலிஃபோர்னியா டிஜிட்டல் நிறுவனத்தின் தொழில்நுட்பத் தலைவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த ஆனந்த் பாபு பெரியசாமி.

கப்ருவில் 144 கம்ப்யூட்டர்கள் சேர்ந்து நொடிக்கு ஒரு லட்சம் கோடி கணக்குகள் போட்டன. அத்தனைக்கும் பொதுவான சேமிப்பகம் 1.5 டெராபைட், இன்று ஒரு லேப்டாப்பில் அடங்கிவிடும். வேகத்தைத்தான் நாம் கொண்டாடுகிறோம். போட்ட கணக்கு எங்கே தங்குகிறது என்பதும் அதே அளவு கடினமான கேள்வி.

1984-இல் சன் நிறுவனம் கொண்டுவந்த என்எஃப்எஸ், ஒரு சர்வரின் கோப்புகளைப் பல கம்ப்யூட்டர்கள் பகிர வழிசெய்தது. கூட்டம் பெருகியதும் அந்த ஒரு சர்வர் திணறியது. 1999-இல் தொடங்கிய லஸ்டர் என்ற கோப்பு அமைப்பு, கோப்புகளைப் பல சர்வர்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. எது எங்கே என்ற விவரத்தை மட்டும் தனி சர்வரில் வைத்தது. உசிலம்பட்டியில் ஒரு வியாபாரிக்குப் பத்துக் கிட்டங்கி இருந்து, பேரேடு ஒரே கணக்குப்பிள்ளையிடம் இருப்பதைப் போல. அவர் வராத நாளில் ஒரு மூட்டையும் நகராது.

பெரியசாமி 2005-இல் தொடங்கிய கிளஸ்டர் நிறுவனத்தின் ‘கிளஸ்டர்எஃப்எஸ்’, பின்னாளைய பதிப்புகளில் அந்தப் பேரேட்டையே ஒழித்தது. கோப்பின் பெயரை ஒரு சூத்திரத்தில் போட்டால் பூஜ்யத்திலிருந்து சுமார் 429 கோடிக்குள் ஓர் எண் வரும். இந்த எண்வரிசையை சர்வர்கள் ஏற்கெனவே பங்கு போட்டிருக்கும். எண் யார் பங்கில் விழுகிறதோ, கோப்பு அங்கே. யாரையும் கேட்க வேண்டியதில்லை.

பெயரை மாற்றினால்? எண்ணும் மாறி, வேறு சர்வரைக் காட்டக்கூடும். அதற்காகப் பல ஜிகாபைட் கோப்பைத் தூக்கிச் சுமப்பதில்லை. புது இடத்தில் ‘அங்கே போய்ப் பார்’ என்று ஒரு சின்னக் குறிப்புக் கோப்பை மட்டும் வைத்துவிடும். அழகான யோசனை. இதற்கும் விலை உண்டு: ஒரு ஃபோல்டரில் என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் கேட்டால் எல்லா சர்வர்களையும் விசாரித்தாக வேண்டும். பொடிப்பொடிக் கோப்புகள் லட்சக்கணக்கில் இருந்தால் தவங்கிவிடும்.

2011 அக்டோபரில் ரெட் ஹாட் 13.6 கோடி டாலருக்கு கிளஸ்டர் நிறுவனத்தை வாங்கியது. கிளஸ்டர்எஃப்எஸ்ஸின் தன் வணிகப் பதிப்புக்கான ஆதரவை 2024 டிசம்பரோடு முடித்துக்கொண்டது. பெரியசாமி இதற்கு வெகுமுன்பே, 2014-இல், கரிமா கபூர், ஹர்ஷவர்தனா ஆகியோரோடு மினிஐஓ என்ற சேமிப்பு மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார். அதன் மென்பொருளிலும் கோப்பு எங்கே போக வேண்டும் என்பதைப் பெயரே முடிவுசெய்கிறது.