வின்கிரிஸ்டீன்

வின்கிரிஸ்டீன் என்பது சிறுவர்களுக்கு ஏற்படும் தீவிர நிணநீர்ச்செல் இரத்தப் புற்றுநோய்க்கான வேதிச்சிகிச்சையில் பயன்படும் முதன்மையான மருந்துகளுள் ஒன்றாகும். இது நித்தியகல்யாணிச் செடியின் இலைகளிலிருந்து பெறப்படுகிறது. மடகாஸ்கரைத் தாயகமாகக் கொண்ட இச்செடி தூத்துக்குடி, விருதுநகர் உள்ளிட்ட வறண்ட மாவட்டங்களில் மானாவாரியாகப் பயிரிடப்படுகிறது. இதற்குச் சுடுகாட்டுப்பூ என்ற பெயரும் உண்டு. ஐக்கிய அமெரிக்காவில் 1963 ஆம் ஆண்டு இம்மருந்துக்கு ஒப்புதல் அளிக்கப்பட்டது.

செயற்படும் விதம்

செல் பிரிவதற்குத் தேவையான நுண்குழல்கள் உருவாவதை இது தடுக்கிறது. இதனால் புற்றுச்செல்கள் பெருக முடியாமல் அழிகின்றன. நரம்பு இழைகளுக்குள் பொருட்கள் கடத்தப்படுவதும் நுண்குழல்கள் வழியாகவே என்பதால் நரம்புகளும் பாதிப்படைகின்றன.

சிறுவர்களில் பக்க விளைவுகள்

* கடுமையான மலச்சிக்கல், வயிற்று வலி
* தாடை வலி
* கை, கால்களில் மதமதப்பு, கூச்ச உணர்வு
* பாதத்தை உயர்த்த இயலாமையால் நடை தடுமாறுதல்
* முடி உதிர்தல்

உதிர்ந்த முடி மீண்டும் வளரும். நரம்புப் பாதிப்பு பெரும்பாலும் சில மாதங்களில் குறையும், சிலருக்கு நீடிப்பதுண்டு. நடையில் மாற்றம் தெரிந்தால் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். உடன் அளிக்கப்படும் பிற மருந்துகள் வெள்ளையணுக்களைக் குறைப்பதால், சிகிச்சைக் காலத்தில் காய்ச்சல் கண்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்வது இன்றியமையாதது.

எச்சரிக்கை

இம்மருந்தைச் சிரை வழியாக மட்டுமே செலுத்த வேண்டும். தவறுதலாக முதுகுத்தண்டு நீரில் செலுத்தினால் பெரும்பாலும் உயிரிழப்பு நேரும். இத்தவற்றைத் தவிர்க்க, ஊசிக்குழலுக்குப் பதிலாகச் சிறு பைகளில் கரைத்து ஏற்றுமாறு உலக சுகாதார அமைப்பு 2007 இல் அறிவுறுத்தியது.