மரத்த கையும் விழித்த கண்ணும்

தொழுநோய் என்று இன்று நாம் கூறும் வியாதியைப் பெருவியாதி என்று ஊரார் அஞ்சி ஒதுங்கிய காலத்தில், அது கண்டவன் வீடு வாசலை இழந்ததோடு, பிச்சையெடுத்துத் திரிந்தால் 1898ஆம் வருஷத்துச் சட்டப்படி காப்பகத்தில் அடைக்கப்படவும் நேர்ந்தது. அவன் விரல்கள் நோயினால் தாமே அழுகிக் குறைகின்றன என்றே வைத்தியர்களும் நம்பினார்கள். 1940களில் டாப்ஸோன் மருந்து வந்து கிருமியை அடக்கத் தொடங்கிய பின்னரும் விரல்கள் குறைவது மட்டும் நிற்கவில்லை.

கொல்லிமலையில் பால்யத்தைக் கழித்து, 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குச் சத்திர வைத்தியராக வந்த பால் பிராண்ட், மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தினார். அவ்விதம் கை திருந்திய வாலிபர்கள் தச்சு வேலை பழகித் தம் காலில் நிற்பதற்காக 1950களின் தொடக்கத்தில் 'நவஜீவ நிலையம்' என்ற குடியிருப்பு அங்கே தோன்றிற்று. ஆனால் நிமிர்ந்த விரல்களில் நாள்தோறும் புதுப்புதுக் காயங்கள்! ஒவ்வொரு காயத்துக்கும் காரணம் தேடியபோதுதான் உண்மை வெளிப்பட்டது. துருவேறிய பூட்டில் சாவியைத் திருகிய பையனுக்கு எலும்பு தெரியும்படி சதை கிழிந்திருந்தது. அவன் அதை உணரவே இல்லை. இரவில் விரல் நுனி குறைந்து எழுந்தவர்களின் விஷயத்தில் குற்றவாளி எலி! கடித்தபோது வலித்திருந்தால் கையை உதறியிருப்பார்கள். நரம்பு மரத்துப்போனவர்களுக்கு அந்தச் சுகிர்தமான வலி வாய்க்கவில்லை.

அதன் பிறகு அவர்கள் கற்றுக்கொண்ட வாழ்க்கை முறையே இந்தச் சரித்திரத்தின் சாரமாகும். எலிக்குக் காவலாகப் பூனை வளர்த்தார்கள். சூடான பாத்திரத்தைத் துணியின்றித் தொடாமலும், கருவிகளின் பிடி கையை உறுத்தாமலும் பார்த்துக்கொண்டார்கள். பாதத்தைத் தண்ணீரில் ஊறவைத்து எண்ணெய் தடவி, எம்.சி.ஆர். என்னும் மிருதுவான நுண்ணறை ரப்பர்ச் செருப்பு அணிந்தார்கள். அந்திதோறும் கையையும் உள்ளங்காலையும் கண்ணால் சோதித்தார்கள். உணர்ச்சி செய்ய வேண்டிய காவலைக் கண் செய்தது. ஒரு நாள் அசட்டையாயிருந்தாலும் புண் புரையோடிவிடக்கூடுமாதலால், இது ஆயுள் முழுவதும் ஓயாத நியமம். சத்திர வைத்தியனின் திறமை எத்தனை பெரிதாயினும், இதை நோயாளிக்குப் பதிலாக அவன் அனுஷ்டிக்க முடியாது.

உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 1981இல் வகுத்த கூட்டு மருந்துச் சிகிச்சை கிருமியை அடியோடு அழிக்கிறது. எனினும் முற்றிலும் செத்த நரம்பு அதனால் பிழைப்பதில்லை. ஆகவே அந்த நியமம் இன்றும் தேவைப்படுகிறது, தொழுநோயாளருக்கு மட்டுமன்று. நீரிழிவினால் கால் மரத்தவர்களுக்கும் அதே எம்.சி.ஆர். செருப்பைத்தான் வைத்தியர்கள் சிபாரிசு செய்கிறார்கள். சமூகம் தீண்ட மறுத்த மக்கள் தம் தேகத்திலேயே பரீட்சித்து உறுதிசெய்த பாடம் அது. நீரிழிவுள்ள வாசகர் எவராயினும், இன்றிரவு படுக்குமுன் தம் உள்ளங்காலை விளக்கு வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்வாராக.