இரத்தக்கட்டி சிகிச்சைச் செலவும் அமெரிக்க மெடிகேரும்

சிரைகளில் இரத்தம் உறைந்து கட்டுவதால் வரும் நோய்கள், அமெரிக்காவின் பொது மருத்துவக் காப்பீடான மெடிகேருக்குத் தொடர்ந்து பெருஞ்செலவு வைப்பவை. காலின் ஆழ்சிரையில் உருவாகும் கட்டி பிய்ந்து, இரத்த ஓட்டத்தோடு போய் நுரையீரல் தமனியை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. ஆண்டுக்கு 9 லட்சம் அமெரிக்கர்கள் வரை இதனால் பாதிக்கப்படுவதாகவும், 60,000 முதல் 1 லட்சம் பேர் வரை இறப்பதாகவும் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் மதிப்பிடுகிறது. வயது ஏற ஏற இந்நோய் கூடும். 65 வயதைக் கடந்தவர்களுக்கென 1965இல் சட்டமான மெடிகேரின் தலையில் சுமை குவிவதற்கு அதுவே காரணம்.

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புவதோடு கணக்கு முடிவதில்லை. 2016இல் வெளியான ஓர் ஆய்வு, முதல் ஆண்டில் மட்டும் ஒரு நோயாளிக்கு 12,000 முதல் 15,000 டாலர் வரை கூடுதலாகச் செலவாவதாகவும், பின்விளைவுகளையும் சேர்த்தால் அது 18,000 முதல் 23,000 டாலரைத் தொடுவதாகவும் கணக்கிட்டது. நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு 700 முதல் 1,000 கோடி டாலர். ஆறாத கால் வீக்கம், தோல் புண், மறுபடியும் கட்டி, மருந்தால் வரும் இரத்தக்கசிவு என்று செலவு ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டே போகும்.

கட்டிகளில் ஏறக்குறைய பாதி, மருத்துவமனையில் தங்கியதையோ அறுவை சிகிச்சையையோ ஒட்டி வருபவை. முன்பு, மூட்டு மாற்றிக்கொள்ள வந்தவருக்கு அங்கேயே கட்டி உண்டானால், அவர் மெடிகேர் அதிகக் கட்டணம் நிர்ணயித்த நோய்த்தொகுதிக்கு மாறிவிடக்கூடும். மருத்துவமனைக்குக் கூடுதல் பணம் கிடைக்கும். தடுக்கத் தவறியதற்கே சன்மானம் கொடுத்தது போன்ற ஏற்பாடு அது. 2008 அக்டோபர் 1 முதல் இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்று சிகிச்சைக்குப் பின் அங்கேயே உண்டாகும் கட்டிக்கு மெடிகேர் அந்தக் கூடுதல் தொகையைத் தருவதில்லை. பின்னர் வந்த மற்றொரு திட்டத்தில், மருத்துவமனையில் நேரும் இத்தகைய கேடுகளின் மதிப்பெண்ணில் கடைசிக் கால்பகுதியில் நிற்கும் மருத்துவமனைகளுக்கு 1 சதவீதம் பிடித்தம் செய்யப்படுகிறது. இதில் ஒரு கோணல் உண்டு: அக்கறையோடு ஸ்கேன் எடுத்துத் தேடும் மருத்துவமனையில்தான் கட்டிகள் அதிகம் அகப்படும், தேடாத இடம் பட்டியலில் நல்ல பெயர் வாங்கிவிடும்.

மருந்துச் செலவின் கதை வேறு. 1954இல் மனிதர் பயன்பாட்டுக்கு அனுமதி பெற்ற, இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மலிவான மாத்திரை. ஆனால் அடிக்கடி இரத்தம் சோதித்து அளவை மாற்ற வேண்டும். கீரை சாப்பிடுவதில்கூடக் கவனம் தேவை. 2010க்குப் பின் வந்த ரிவராக்சபான் (சரெல்டோ), அபிக்சபான் (எலிகுவிஸ்) இரண்டும் அந்தத் தொல்லையை நீக்கின, விலையை ஏற்றின. 2022 ஜூன் முதல் 2023 மே வரை எலிகுவிஸுக்கு மட்டும் மெடிகேர் மருந்துத் திட்டத்தின் மொத்தச் செலவு, தள்ளுபடிகளைக் கழிக்காமல், ஏறத்தாழ 1,650 கோடி டாலர். பயன்படுத்தியவர்கள் சுமார் 37 லட்சம் பேர். சரெல்டோவுக்கு 600 கோடி. இதில் பெரும்பங்கு, சீரற்ற இதயத்துடிப்பு உள்ளவர்களுக்குப் பக்கவாதம் வராமல் தடுக்கத் தரப்படுவது என்பதால், முழுவதையும் சிரைக்கட்டியின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

மெடிகேர் மருந்துத் திட்டத்தை உருவாக்கிய 2003ஆம் ஆண்டுச் சட்டம், அரசு மருந்து நிறுவனங்களுடன் விலை பேசுவதைத் தடுத்திருந்தது. உலகின் மிகப்பெரிய மருந்து வாடிக்கையாளர்களில் ஒருவர் வாய்கட்டி நின்ற இந்த நிலையை 2022இல் வந்த பணவீக்கக் குறைப்புச் சட்டம் ஓரளவு தளர்த்தியது. முதல் பேச்சுவார்த்தைக்குத் தேர்வான 10 மருந்துகளில் எலிகுவிஸும் சரெல்டோவும் இருந்தன. 30 நாள் எலிகுவிஸின் பட்டியல் விலை 2023இல் 521 டாலராக இருந்தது. பேசி முடித்த விலை 231. சரெல்டோ 517இலிருந்து 197 ஆனது. புதிய விலைகள் நடைமுறைக்கு வரும் நாளாக 2026 ஜனவரி 1 குறிக்கப்பட்டது.