நடந்துகொண்டே வாசித்தவர்கள்

தில்லானா மோகனாம்பாள் (1968) படத்தில் சிக்கல் சண்முகசுந்தரத்துக்கு முதன்முதலாகக் கோபம் வருகிற இடம் ஞாபகம் இருக்கிறதா? கோயில் திருவிழா. மனுஷன் உருகி உருகி வாசித்துக்கொண்டிருக்கிறார். நடுவில் டமால் டுமீல் என்று வாணவேடிக்கை ஆரம்பிக்கிறது. அவ்வளவுதான், வாசிப்பு நின்றுவிடுகிறது. சிவாஜியின் மூக்கு விடைப்பதைப் பார்க்க அத்தனை அழகாக இருக்கும்.

அந்தக் காட்சியை யூடியூபில் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. நாகஸ்வரம் வேட்டுச் சத்தத்துக்கு நடுவிலேயே பிறந்து வளர்ந்த வாத்தியம் ஆச்சே! சாமி புறப்பாடு என்றால் வேட்டு, கூட்டம், குழந்தை அழுகை, பலூன்காரன் எல்லாம் சேர்ந்துதானே? அதையெல்லாம் தாண்டி நாலு தெருவுக்குக் கேட்க வேண்டும் என்றுதானே அந்த நாயனத்தையே அப்படிக் கடைந்தார்கள்? அப்படி இருக்கும்போது ஒரு நாயனக்காரர் "நான் வாசிக்கும்போது சத்தம் போடாதே" என்று எப்போதிலிருந்து கேட்க ஆரம்பித்தார்? இதைப் பிடித்துக்கொண்டு போனால் ஒரு பெரிய கதையே இருக்கிறது. ஆபீஸில் பொட்டி தட்டுகிற நேரம் போக மிச்ச நேரத்தில் படித்ததையும், ஊர் சுற்றிப் பார்த்ததையும் இங்கே கொட்டுகிறேன்.

முதலில் பழைய கதை. பெரிய கோயில்களில் நாகஸ்வரம் என்பது நடக்கிற சங்கீதம். தவுலில் அலாரிப்பு வாசித்து முடித்ததும் கம்பீரநாட்டையில் மல்லாரி வரும். மல்லாரிக்குப் பாட்டு வரிகள் கிடையாது, சுத்தமாகத் தாளமும் ஸ்வரமும்தான். அதிலும் தினுசு தினுசாக உண்டு. அபிஷேகத்துக்குத் தண்ணீர் கொண்டு வரும்போது தீர்த்த மல்லாரி, மடப்பள்ளியிலிருந்து நைவேத்தியம் வரும்போது தளிகை மல்லாரி, தேருக்குத் தேர் மல்லாரி. கண்ணை மூடிக்கொண்டு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறவருக்குக்கூட கோயிலில் இப்போது என்ன நடக்கிறது என்று தெரிந்துவிடும். (எங்கள் பாஷையில் சொன்னால் ஸ்டேட்டஸ் அப்டேட்!) அப்புறம் சாமி வீதிக்கு வந்ததும் ராக ஆலாபனை. இங்கே அவசரமே கிடையாது. சாமி நகர்ந்தால் நகர்வார்கள், மண்டகப்படியில் நின்றால் நிற்பார்கள். ஒரே ராகம் தெருத்தெருவாக விரிந்துகொண்டே போகும். கடைசியில் பள்ளியறைக்கு நீலாம்பரி. ஊருக்கு ஊர் மரபு கொஞ்சம் மாறும், ஆனால் சங்கதி இதுதான்: நேரத்தை நிர்ணயித்தது கடிகாரம் இல்லை, வீதியின் நீளம்.

கேட்க ரொமாண்டிக்காக இருக்கிறது, இல்லையா? இப்போது மறுபக்கத்தைப் பாருங்கள். வாசிக்கிறவர் அத்தனை மணி நேரமும் நின்றுகொண்டும் நடந்துகொண்டும் வாசிக்க வேண்டும். காலில் செருப்பு கூடாது. பெரிய மனிதர்கள் முன்னால் தோளில் துண்டு போடக்கூடாது, இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். வாய்ப்பாட்டுக்காரர் ஜமுக்காளத்தில் உட்கார்ந்து கச்சேரி பண்ணுவார். அதே தோடியை அதைவிடப் பிரமாதமாக வாசிக்கிற நாயனக்காரர் வாசலோடு சரி. கூடவே ஒருத்தர் ஒத்து ஊதிக்கொண்டு வருவார். சுருதிக்காக ஒரே ஸ்வரத்தை மூச்சு விடாமல் ஊதுகிற வேலை. "அவன் ஒத்து ஊதுறான்" என்று இன்றைக்கும் யாரையாவது கிண்டல் செய்கிறோமே, அது இந்த மனிதரிடமிருந்து வந்ததுதான். பாவம்.

இந்த நிலைமையைத் தலைகீழாக்கியவர் திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை (1898-1956). நாகஸ்வரச் சக்கரவர்த்தி. முதலில் வாய்ப்பாட்டுக் கற்றவர், அதனால்தானோ என்னவோ வாத்தியத்தையும் பாட வைத்தார். குடுமியை எடுத்துவிட்டு கிராப் வைத்துக்கொண்டார், கோட்டுப் போட்டார், மேடையில் உட்கார்ந்து வாசிப்பேன் என்று நின்றார். திமிர் பிடித்தவர் என்று பெயர் வாங்கியதைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. 1940இல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய காளமேகம் படத்தில் கவி காளமேகமாகவே நடித்தார். நாயனக்காரர் சினிமா கதாநாயகன்! தெருவில் மணிக்கணக்காக ஓடும் அவருடைய தோடி, இசைத்தட்டில் சில நிமிஷத்துக்குள் அடங்கியது. அந்தத் தட்டுதான் அவரை நேரில் பார்த்தே இராதவர்கள் வீட்டுக்கெல்லாம் கொண்டுபோனது. நாகஸ்வரம் சுருங்க ஆரம்பித்ததும் பரவ ஆரம்பித்ததும் ஒரே சமயத்தில்தான் என்று எனக்குப் படுகிறது.

வாத்தியமே மாறியது என்பதுதான் இன்னும் சுவாரசியம். பழைய நாயனம் திமிரி. குட்டையானது, சுருதி அதிகம், வீச்சென்று காதில் அறையும். தெருவுக்கு அதுதான் சரி. மேடை, மைக், பக்கத்தில் தம்புரா என்று வந்தபிறகு அவ்வளவு கத்தல் எதற்கு? ராஜரத்தினம் பிள்ளை நீளமான, சுருதி இறங்கிய பாரி நாகஸ்வரத்துக்கு வந்தார். குரல் கனிந்தது.

இதைத் தேடி ஒரு சனிக்கிழமை மாயவரத்திலிருந்து பாசஞ்சர் ரயில் பிடித்து நரசிங்கம்பேட்டை போய் இறங்கினேன். கும்பகோணம் பக்கம் போகிற வழியில் சின்ன ஸ்டேஷன், திருவாவடுதுறை கூப்பிடு தூரம். நாகஸ்வரம் கடைகிற ஊர் அது. (2022இல் புவிசார் குறியீடுகூடக் கிடைத்தது.) பட்டறை என்றதும் நான் ஏதோ பெரிதாகக் கற்பனை செய்திருந்தேன். வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரு கடைசல், மூலையில் கருத்த மரத்துண்டுகள். எல்லாம் ஆச்சா மரம். புது மரம் உதவாதாம். இடித்த பழைய வீடுகளிலிருந்து வருகிற தூண், உத்தரம் இதெல்லாம்தான் சரக்கு. எத்தனையோ வருஷம் காய்ந்து, இனிமேல் சுருங்காது வளையாது என்று ஆன மரம். எவருடைய வீட்டு உத்தரமோ இன்றைக்கு எங்கேயோ கல்யாணி வாசித்துக்கொண்டிருக்கிறது!

கடைகிறவர் ஒவ்வொன்றாகக் காட்டினார். உடம்புக்கு உலவு என்று பெயர். கீழே விரிந்த வாய் அணசு. மேலே கெண்டை, அதில் சீவாளி. விரல் வைக்க ஏழு துளை. கீழே ஐந்து துளைகளை யாரும் மூடித் திறப்பதில்லை, சுருதி சேர்க்க மட்டும் மெழுகு வைத்து அடைப்பார்கள். "துளையெல்லாம் கணக்குதான் தம்பி, யார் வேணா போடலாம். மிச்சம் ஊதறவர் மூச்சுல இருக்கு" என்றார். கமகம் முழுக்க உதட்டிலும் காற்றிலும்தான். பொத்தானை அழுத்தினால் ஸ்வரம் வருகிற சமாச்சாரம் இல்லை இது. நானும் ஒரு தடவை ஊதிப் பார்த்தேன். அந்தச் சத்தத்தைப் பற்றி இங்கே எழுதாமல் இருப்பது எல்லோருக்கும் நல்லது :-)

சினிமாவுக்கு வருவோம். கொஞ்சும் சலங்கை (1962). ஜெமினி கணேசன் நாகஸ்வரக் கலைஞர், சாவித்திரி பாடுகிறவர். சிங்காரவேலனே தேவா பாட்டைக் கேட்காத தமிழ்க் காது இருக்க முடியாது. எஸ்.எம். சுப்பையா நாயுடு இசை, ஆபேரி ராகம். வாசித்தது காருகுறிச்சி அருணாசலம், ராஜரத்தினம் பிள்ளையின் சீடர். எஸ். ஜானகிக்கு அப்போது இருபத்துமூன்று வயதுதான். நாலு தெருவுக்குக் கேட்க வேண்டிய வாத்தியத்தையும் ஒரு பெண் குரலையும் ஸ்வரத்துக்கு ஸ்வரம் மோதவிட்டு, எது குரல் எது குழல் என்று மயங்க வைத்திருக்கிறார்கள். அடுத்த இரண்டே வருஷத்தில், 1964இல் காருகுறிச்சியார் போய்விட்டார். வயது நாற்பதைக் கொஞ்சம்தான் தாண்டியிருந்தது. என் வயதுக்காரர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அவர் பெயர் தெரியாது, ஆனால் அவர் மூச்சு தெரியும்.

தில்லானா மோகனாம்பாள் வந்தபோது சினிமா இன்னும் ஒரு படி போய்விட்டது. கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதை, ஏ.பி. நாகராஜன் படம், கே.வி. மகாதேவன் இசை. வாசித்தவர்கள் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். திரையிலும் சிவாஜி, ஏ.வி.எம். ராஜன் என்று அண்ணன் தம்பி. சிவாஜியின் கன்னம், புருவம், மூச்சு எடுக்கும்போது தோள் ஏறுகிற அழகு, இதெல்லாம் கேமரா பக்கத்தில் போய்க் காட்டுகிறது. தெருவில் நின்று கேட்டவனுக்கு இது கிடைத்திருக்கவே கிடைத்திருக்காது. அத்தனை கூட்டத்தில் அவனுக்கு அணசு மட்டும்தான் தெரிந்திருக்கும்! முன்னால் சொன்ன வாணவேடிக்கைக் காட்சியை இந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு வேட்டுக்கு நடுவில் நின்று வாசித்தவர்களின் பேரன் "நிறுத்து" என்கிறான். ராஜரத்தினம் பிள்ளை வாழ்ந்து காட்டிய ரோஷத்தை சினிமா ஊர் ஊராகக் கொண்டுபோனது. எனக்கு அந்தக் காட்சி இதனாலேயே பிடிக்கிறது.

ஆனால் அந்தப் பதினைந்து நிமிஷ நாகஸ்வரமே பல பேருக்கு முழு நாகஸ்வரமாகவும் ஆகிவிட்டது. போன தை மாசம் சித்தப்பா பெண் கல்யாணம். வாசலில் செண்டை மேளம் பட்டையைக் கிளப்பிக்கொண்டிருக்கிறது, மணமேடை ஓரத்தில் நாயன செட்டு ஒதுங்கி உட்கார்ந்திருக்கிறது. யாரோ போய் "நலந்தானா போடுங்க" என்றார்கள். வாசித்தார். "சிங்காரவேலனே" என்றார்கள். அதையும் வாசித்தார். பந்தியில் அவர் பக்கத்தில் எனக்கு இடம் கிடைத்தது. மல்லாரி வாசிப்பீர்களா என்று கேட்டேன். சாம்பாரைப் பிசைவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "எங்கப்பா சொல்லிக்கொடுத்தது இருக்கு தம்பி. கேக்குறவங்கதான் இல்ல. எங்க ஊர் கோயில்ல இப்ப மெஷின் வெச்சுட்டாங்க, சுவிட்ச் போட்டா மணியும் மேளமும் தானா அடிச்சுக்கும்." அவர் மகன் என்னை மாதிரியே கம்ப்யூட்டர் படித்திருக்கிறான், சென்னையில் வேலை. வாசிப்பானா? "சுருதி நல்லா இருக்கும் அவனுக்கு. லீவுதான் கிடைக்க மாட்டேங்குது."

அந்தப் பையனை மறுபடியும் வெறுங்காலோடு வீதியில் நடக்கச் சொல்ல எனக்கு வாய் வராது. நாற்காலியும் ஏசியும் சம்பளமும் அவன் தாத்தா ஆசைப்பட்டிருக்கக்கூடியவைதானே. ஆனாலும் அந்த நீளமான ராகம் எங்கே போய் உட்காரும் என்று தெரியவில்லை.

மார்கழித் தேருக்குச் சிதம்பரம் போனேன். கீழ வீதி முழுக்கத் தலைகள். முதலில் தவுல்தான் கேட்டது, ஆளைப் பார்க்க முடியவில்லை. அப்புறம் கம்பீரநாட்டை. பக்கத்தில் ஒரு பாட்டி பேத்தியின் கையைப் பிடித்து இழுத்து, "வந்துட்டாரு, வந்துட்டாரு, தள்ளி நில்லு" என்றார். தேர் இன்னும் கண்ணுக்கே தெரியவில்லை.