தில்லியின் வாடை

மார்கழி பிறந்துவிட்டால் தில்லிவாழ் தமிழர் வானிலை அறிக்கையில் அடிக்கடி கேட்கும் செய்தி ஒன்றுண்டு. மேற்கிலிருந்து ஒரு வளிமண்டலக் கலக்கம் நெருங்குகிறது என்பதே அது. கேட்டவுடன் நாம் கம்பளியைத் தேடுகிறோம். ஆயினும் அக்கலக்கம் முதலில் கொணர்வது குளிரன்று, மழையே.

மத்தியதரைக் கடற்பகுதியில் தோன்றும் இக்கலக்கங்கள் ஈரானையும் ஆப்கானிஸ்தானத்தையும் கடந்து வந்து, இமயத்தில் பனியாகவும் பஞ்சாபிலும் தில்லியிலும் மழையாகவும் பொழிகின்றன. மேகம் கவிந்த அவ்விரவுகளில் குளிர் சற்று அடங்கியே இருக்கும். நிலத்தின் வெப்பம் வெளியேறாதவாறு மேகம் போர்வையாகிறது. மழை விலகி வானம் தெளிந்த பின்னரே வடமேற்கு வாடை வீசத் தொடங்குகிறது. தமிழகத்து வாடை கடல்மேல் தவழ்ந்து ஈரம் சுமந்து வருவது. தில்லியின் வாடையோ வறண்டது. பெயர் ஒன்றாயினும் குணம் வேறு.

1935 ஜனவரி 16, பொங்கலை ஒட்டிய நாள். அன்று சப்தர்ஜங் நிலையத்தில் வெப்பநிலை உறைநிலைக்கும் கீழே 0.6 டிகிரி இறங்கிற்று. அந்நிலையத்தில் அதனினும் தாழ்ந்த அளவு இன்றுவரை பதிவானதில்லை. பாலம் விமான நிலையப் பகுதியில் 1967 ஜனவரி 11 அன்று உறைநிலைக்கும் கீழே 2.2 டிகிரி. சப்தர்ஜங்கில் 2006 ஜனவரி 8 அன்று வெப்பநிலை 0.2 டிகிரிக்கு இறங்க, தில்லியின் புல்வெளிகளில் உறைபனி படிந்தது.

எனினும் இரவின் அளவைக் கொண்டே குளிரின் கொடுமையை மதிப்பிடுதல் பொருந்தாது என்பது நம் கருத்து. 2019 டிசம்பர் 30 அன்று சப்தர்ஜங்கில் பகலின் உச்ச வெப்பமே 9.4 டிகிரிதான். 1901 முதல் கிடைக்கும் கணக்கில் அத்தகைய குளிர்ந்த டிசம்பர்ப் பகல் வேறில்லை. தெளிந்த வானத்துக் குளிரில், நடைபாதையில் துயில்வோர் விடிந்ததும் வெயிலில் உடலைத் தேற்றிக்கொள்வர். மூடுபனி கதிரவனை மறைத்துவிட்டால் அந்த ஆறுதலும் இல்லை. ஈரமான போர்வைகூட உலர்வதில்லை. உறைநிலையைத் தொடாத அத்தகைய நாட்கள் ஏழையரை வாட்டுவதில் 1935-க்குக் குறைந்தவையல்ல.

உழவரின் கணக்கு வேறு. இக்குளிர்கால மழையை வடநாட்டார் ‘மஹாவட்’ என்பர். கோதுமைக்கு அம்மழையும் வேண்டும்; பின்வரும் குளிரும் வேண்டும். கடுகும் உருளைக்கிழங்கும் உறைபனிக்கு ஆற்றா. ஆதலால் வானம் தெளிந்து காற்று அடங்கிய இரவுகளில் உழவர் துயிலாது வயலுக்கு நீர் பாய்ச்சுகின்றனர். நனைந்த மண் பகலில் ஏற்ற வெப்பத்தை மெல்ல மெல்லவே இழக்குமாதலின், விடியற்காலையில் பயிர் கருகாது தப்புகிறது.