உறைபாலும் உறைபனியும்

‘உறைதல்’ என்னும் சொல் தமிழில் பல பொருள்களைத் தாங்கி நிற்பது. பிரை ஊற்றிய பால் தயிராய் இறுகுவதும் உறைதலே. கடுங்குளிரில் நீர் பனிக்கட்டியாவதும் உறைதலே. நெகிரி செம்பிலான் மாநிலத்து லாபு வட்டாரத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த நமக்கோ இச்சொல்லைக் கேட்டதும் நினைவில் எழுவது ரப்பர்ப் பாலே. விடியுமுன் எழுந்து மரம் வெட்டிய நம் பெற்றோர், மங்குகளில் வடிந்த பாலை வாளியில் சேர்த்துப் பால் கொட்டகைக்குச் சுமந்தனர். அங்கே அமிலம் கலந்ததும் பால் உறைந்தது. வெவ்வேறாகத் தோன்றும் இவ்வுறைவுகளுக்கிடையே உள்ள உறவை அறிவியல் எவ்வாறு கண்டது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இதனை எழுதத் தூண்டியவன் என் மாணவன் ஒருவன். செம்பனைக்கு இடம் விட்டு ஒதுங்கி நிற்கும் சில பால் மரங்களில் ஒன்றிலிருந்து சிறிது பால் எடுத்து, வீட்டுக் குளிர்ப்பெட்டியின் பனியறையில் ஓரிரவு வைத்திருக்கிறான். மறுநாள் பனி உருகியபின் பார்த்தால், பால் திரிந்து கட்டியாகிக் கிடந்தது. “ஐயா, ஆசிட் ஊற்றாமலே பால் எப்படி உறைந்தது?” என்று கேட்டான். வெளியில் விட்ட பால் தானே கட்டியாவது நுண்ணுயிர்களின் வேலை. பனியறையிலோ அவை அடங்கிவிடும். பால் வெட்டியவரின் மகனாகிய எனக்கு உடனே விடை சொல்ல இயலவில்லை. நாணத்தோடு நூல்களைத் தேடினேன்.

ரப்பர்ப் பால் வெறும் வெண்ணீரன்று. அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ரப்பர். எஞ்சியதில் பெரும்பகுதி நீர். 1925இல் தோற்றுவிக்கப்பட்ட மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தில், 1953ஆம் ஆண்டில் ஏ. எஸ். குக், பி. சி. சேகர் ஆகிய இருவரும் பாலை அதிவேகமாகச் சுழற்றி நான்கு பகுதிகளாகப் பிரித்துக் காட்டினர். இந்திய வம்சாவளியினரான சேகரே பின்னர் 1966இல் அக்கழகத்தின் முதல் ஆசிய இயக்குநரானார். அவ்வாறு பிரிந்த பாலின் அடியில் தங்குபவை ‘லூட்டாய்டு’ எனப்படும் நுண்பைகள். அவற்றின் மெல்லிய தோல் கிழிந்தால், உள்ளிருக்கும் புரதங்களும் உப்புகளும் வெளிப்பட்டு ரப்பர்த் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டச் செய்கின்றன. வெட்டிய பட்டையில் பால் ஒழுக்கு சில மணி நேரத்தில் நின்றுபோவதற்கும் இதுவே முக்கியக் காரணம். ஆய்வாளர்கள் இப்பைகளைக் கிழிக்கக் கையாளும் எளிய வழி, அவற்றைப் பலமுறை உறையவைத்து உருக்குவதாகும். என் மாணவனின் பனியறையிலும் இதுவே நிகழ்ந்தது.

குளிர் ஏன் கிழிக்கிறது? நீர் மெதுவாக உறையும்போது தூய நீர் மட்டுமே பனிப்படிகமாகிறது. கரைந்திருந்த உப்பும் மிதந்திருந்த துகளும் படிகங்களுக்கிடையே குறுகிய சந்துகளில் நெருக்கித் தள்ளப்படுகின்றன. வளரும் படிகங்கள் மெல்லிய தோல்களைச் சிதைக்கின்றன. உறைந்த காய்கறி உருகியதும் துவண்டு நீர் விடுவதும் இதனாலேதான்.

இந்த நுண்பைகளின் நுண்ணமைப்பைத் தெளிவாகப் பார்க்க ஒளி நுண்ணோக்கி போதாது. 1931இல் ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் ருஸ்காவும் மாக்ஸ் நோலும் மின்னணு நுண்ணோக்கியை உருவாக்கினர். ஆயினும் அதன் உட்புறம் காற்றற்ற வெற்றிடம். அங்கே நீர் நில்லாது ஆவியாகிவிடும். எனவே உயிர்ப்பொருளை உலர்த்தி, வேதிப்பொருளால் இறுக்கி, சாயமேற்றிய பின்னரே பார்க்க முடிந்தது. உடலின் பெரும்பகுதி நீராயிருக்க, அந்நீரை நீக்கிவிட்டுக் கண்ட வடிவம் எந்த அளவுக்கு உண்மை என்ற ஐயம் அறிஞர்களை விட்டு அகலவில்லை.

நீரை நீக்காமல் உறையவைத்தால் என்ன என்ற எண்ணம் இதனால் பிறந்தது. 1957இல் ரசல் ஸ்டீர் உறைந்த பொருளை உடைத்து, உடைந்த பரப்பின் அச்சை எடுத்துப் பார்த்தார். 1963இல் ஹான்ஸ் மூர், குர்ட் மூலெத்தாலர் ஆகியோர் அம்முறையைச் செம்மைப்படுத்தி ஈஸ்ட்டின் உட்பகுதிகளைக் கண்டனர். 1974இல் கென்னத் டெய்லரும் ராபர்ட் கிளேசரும் புரதப் படிகத்தை நீரோடு உறைந்த நிலையிலேயே நுண்ணோக்கியில் வைத்துக் காட்டினர். எனினும் பனிப்படிகம் என்ற பகை முற்றாக நீங்கவில்லை.

அதை வென்றவர்கள் ஜாக் டுபோஷேயும் அவருடைய துணைவர் அலாஸ்டர் மெக்டவலும் ஆவர். 1981இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகர ஆய்வுக்கூடத்தில், திரவ நைட்ரஜனால் குளிர்விக்கப்பட்ட ஈத்தேனைக் கொண்டு மெல்லிய நீர்ப்படலத்தை நொடிப்பொழுதினும் மிகக் குறைந்த நேரத்தில் உறையவைத்தனர். படிகமாக அணிவகுக்க நீர் மூலக்கூறுகளுக்கு நேரமே கிடைக்கவில்லை. நீர் கண்ணாடிபோல் இறுகிற்று. 1984இல் இம்முறையில் நச்சுயிரிகளின் படங்கள் வெளிவந்தன. டுபோஷே, யோவாக்கிம் பிராங்க், ரிச்சர்டு ஹெண்டர்சன் ஆகிய மூவரும் 2017ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசைப் பெற்றனர். சிதம்பரத்தில் 1952இல் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனும் ஹெண்டர்சன் பணியாற்றிய கேம்பிரிட்ஜ் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்தவரே. எக்ஸ் கதிர்ப் படிகவியலால் ரைபோசோமை ஆய்ந்து 2009இல் நோபல் பரிசு பெற்ற அவர், பின்னர் இக்குளிர்முறையையும் தம் ஆய்வில் கையாண்டார்.

தடித்த திசுக்களுக்கு இவ்வேகம் எட்டாது; நடுப்பகுதி மெதுவாகவே குளிரும். அதற்காக ஏறத்தாழ 2,000 வளிமண்டல அழுத்தத்தில் உறையவைக்கும் முறையை மூரும் அவர் குழுவினரும் 1960களில் வகுத்தனர். திட ரப்பருக்கும் குளிர் தேவையே. இயல்பு நிலையில் நெகிழ்ந்து நழுவும் ரப்பரைச் சுழியத்திற்குக் கீழ் 70 பாகை செல்சியசுக்கும் தாழக் குளிர்வித்தால், கண்ணாடிபோல் விறைத்து, நுண்ணோக்கிக்கு ஏற்ற மெல்லிய சீவல்களாக வெட்ட இடந்தரும்.

ஆகவே மெல்ல வரும் குளிர் சிதைக்கிறது. விரைந்து வரும் குளிர் காக்கிறது. என் மாணவனுக்கு இதைச் சொன்னபோது, “அப்படியானால் வேகமாக உறையவைத்தால் நம் பாலையும் உள்ளபடி பார்க்கலாமா?” என்று மீண்டும் கேட்டான். பார்க்கலாம் என்றேன். அவன் பாட்டி நாற்பதாண்டுகள் சுமந்த வாளிக்குள் இத்தனை நுட்பம் இருந்ததை அவர் அறிந்ததில்லை, அறிவிப்பாரும் இருந்ததில்லை. பாலைச் சுமந்த தோள்களுக்குக் கூலி கிடைத்தது. பாலின் அறிவு கிடைக்கவில்லை. தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்ட இந்நாளிலேனும், அவ்வறிவைத் தமிழில் எடுத்துரைத்து அவர்தம் பேரப்பிள்ளைகளிடம் சேர்ப்பது ஆசிரியர்களாகிய நம் கடமையாகும்.